செய்மதி மௌனமானால் வண்டி என்ன செய்யும்?

2007 நவம்பர் 3. கலிபோர்னியாவின் விக்டர்வில்லில் சாரதியில்லா வண்டிகளின் இறுதிப் போட்டி. முதலில் புறப்பட வேண்டிய ‘பொஸ்’ என்ற வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. அருகிலிருந்த இராட்சதத் தொலைக்காட்சித் திரையின் அலைகள் அதன் ஜிபிஎஸ் கருவியைக் குழப்பிவிட்டிருந்தன. திரையை அணைத்த பிறகு ஓடிய பொஸ், 20 இலட்சம் டொலர் முதற்பரிசை வென்றது. அதை உருவாக்கிய கார்னகி மெலன் குழுவில், கோவை பி.எஸ்.ஜி. கல்லூரியில் படித்த ராஜ் ராஜ்குமாரும் இருந்தார்.

ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்திலிருந்து வரும் ஜிபிஎஸ் செய்மதிச் சமிக்ஞை மிக மெலிந்தது. யாழ்ப்பாணத்து அரியாலையில் கண்டி வீதியோரம் வானம் திறந்தே கிடக்கிறது. ஆனால் கடல்நீரேரிக் கரைக்குப் போனால் நீரில் பட்டுத் தெறித்த சமிக்ஞையும் வந்து சேரலாம். ஒரு நானோ செக்கன் பிந்தினாலே 30 சென்ரிமீற்றர் பிழை.

இதற்குத் துணையாக வருவது சடத்துவ வழிகாட்டல். மூன்று ஆர்முடுகல்மானிகளும் மூன்று ஜைரோஸ்கோப்புகளும் வண்டியின் ஒவ்வோர் அசைவையும் திருப்பத்தையும் செக்கனுக்கு நூறு தடவைக்கு மேல் அளக்கின்றன. வெளியிலிருந்து எந்தச் சமிக்ஞையும் இவற்றுக்குத் தேவையில்லை. ஆனால் பிழை சேர்ந்துகொண்டே போகும். ஆர்முடுகலில் 0.01 மீ/செக்² நிலையான தவறு இருந்தால், பத்துச் செக்கனில் அரை மீற்றர்தான் விலகல். ஒரு நிமிடத்தில் 18 மீற்றர், இரண்டு நிமிடத்தில் 72 மீற்றர்.

இரவில் கடல்நீரேரியில் தோணி தாங்குபவர், போன திசையையும் நேரத்தையும் கணக்கு வைத்துப் போவார். கரை விளக்குத் தெரிந்ததும் கணக்கைத் திருத்துவார். வண்டியில் அந்தத் திருத்தத்தைச் செய்வது ருடால்ஃப் கால்மன் 1960இல் வெளியிட்ட வடிகட்டி. அப்பலோ விண்கலங்களுக்கும் வழிகாட்டிய கணிதம் இது. சடத்துவக் கணக்கின் ஐயம் 1 மீற்றர், செய்மதியின் ஐயம் 3 மீற்றர் என்று வையுங்கள். ஐயத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாக நம்பிக்கை பங்கிடப்படும்: ஒன்பதுக்கு ஒன்று. இரண்டும் 2 மீற்றர் முரண்பட்டால், வண்டி தன் இடத்தைச் செய்மதி சொல்லும் பக்கம் 20 சென்ரிமீற்றர் மட்டுமே நகர்த்தும். ஆர்முடுகல்மானியின் தவறு எவ்வளவு என்பதையும் இந்த வடிகட்டி மெல்ல மெல்லக் கண்டுபிடித்துவிடும். அதனால் செய்மதி மறையும் சில செக்கன்களில் வண்டி தடுமாறாது.

எவ்வளவு துல்லியமான கருவி என்பதைவிட, தன் ஐயத்தின் அளவை வண்டி சரியாக அறிந்திருக்கிறதா என்பதே பெரிது. அளவுக்கு மீறிய நம்பிக்கைதான் வீதியில் ஆபத்து.

உயர்தரப் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகளே, மேலே வந்த 72 மீற்றர் உங்கள் பாடப்புத்தகத்தின் s = ½at² தான். ஆர்முடுகல்மானி உங்கள் கைத்தொலைபேசியிலேயே இருக்கிறது. அதன் அளவீடுகளை எடுத்து, வீட்டு வாசலிலிருந்து வீதி முனை வரை நடந்த தூரத்தைக் கணித்துப் பாருங்கள். வரும் பிழையையும் எழுதி வையுங்கள். இந்தத் துறையின் முதற்பாடம் அதுதான்.