உங்களுக்குத் தெரியுமா? மரவள்ளியின் தற்காப்பு

கள்ளக்குறிச்சி வயல்களிலும் கல்வராயன் மலைச் சரிவுகளிலும் விளையும் மரவள்ளி, தன்னைத்தானே காத்துக்கொள்ளத் தெரிந்த செடி.

■ இலையைக் கிள்ளினால் வெள்ளைப் பால் கசியும். அது காயத்தை அடைக்கும். கடிக்கும் பூச்சியின் வாயிலும் ஒட்டிக்கொள்ளும்.

■ லினமாரின் என்ற பொருள் செல்லுக்குள்ளும், அதை உடைக்கும் நொதி செல்சுவரிலும் தனித்தனியே இருக்கும். பூச்சியோ ஆடோ கடித்தால் இரண்டும் கலந்து ஹைட்ரஜன் சயனைடு என்ற நஞ்சு உண்டாகும். கிழங்கை நன்றாக வேகவைத்து, நீரை வடித்துவிட்டு உண்பது இதனால்தான்.

■ இந்த நஞ்சுக்கு மசியாத மாவுப்பூச்சி ஒன்று 2020-ல் இந்தியாவில் கண்டறியப்பட்டது. அதை அடக்க, ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவித்த ஒட்டுண்ணிக் குளவிகள் 2022-ல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விடப்பட்டன.

■ இலையில் மஞ்சள் திட்டு விழுந்து சுருங்கினால் அது தேமல் நோய். அதை உண்டாக்கும் வைரஸ் வெள்ளை ஈ வழியாகவும், நோயுற்ற கரணை (நடுவதற்கு வெட்டும் தண்டுத் துண்டு) வழியாகவும் பரவும். நமக்கு இருப்பதுபோல் செடிக்கு ஆன்டிபாடி கிடையாது. தேமலைக் குணப்படுத்த மருந்தும் இல்லை. வருமுன் காப்பதே வழி: நோயில்லாத செடியிலிருந்து மட்டும் கரணை வெட்டி நடுங்கள்.