ஒரு கோடு போடுங்க சார், பாட்டு வரும்!

சங்கீதம் கற்றுக்கொள்ளாத கோடானுகோடிப் பேரில் நீங்களும் ஒருவரா? கையைக் கொடுங்கள், நானும்தான். பி.காம். படித்தவனுக்கு டெபிட், கிரெடிட் தெரியும். ஸ, ரி, க, ம தெரியாது. ஆனால் மீட்டிங்கில் மேனேஜர் பேசும்போது நோட்டு ஓரத்தில் கிறுக்கத் தெரியும் இல்லையா? அது போதும் என்கிறது ஒரு வகை சாஃப்ட்வேர். நீங்கள் கிறுக்குங்கள், நான் வாசிக்கிறேன் என்கிறது.

எப்படி? ஸ்க்ரீனை கிராஃப் பேப்பராக நினைத்துக்கொள்ளுங்கள். இடமிருந்து வலம், நேரம். கீழிருந்து மேல், சுருதி. எவ்வளவு பளிச்சென்று தீட்டுகிறீர்களோ அவ்வளவு சத்தம். குறுக்கே ஒரு நேர்கோடு இழுத்தால் 'ஊ...' என்று ஒரே சுருதி. அதையே சாய்த்து மேலே ஏற்றினால் மில் சங்கு ஊத ஆரம்பிக்கிற மாதிரி. புள்ளி வைத்தால் 'டிங்'. ஒரு சதுரம் போட்டு உள்ளே முழுக்க பெயின்ட் அடித்தால், குக்கரில் ஆவி கிளம்புகிற 'உஸ்ஸ்'.

சரி, மூஞ்சியை வரைந்தால்? அதையும் செய்து பார்த்துவிட்டார் ஓர் ஆசாமி. ஏஃபெக்ஸ் ட்வின் என்ற பெயரில் இசையமைக்கும் ரிச்சர்ட் டி. ஜேம்ஸ். 1999-ல் வந்த 'விண்டோலிக்கர்' இசைத்தட்டின் இரண்டாவது பாட்டில், கடைசிப் பகுதியில், தன் முகத்தையே சத்தமாக்கி ஒளித்துவைத்தார். சத்தத்தைப் படமாகக் காட்டும் சாஃப்ட்வேரில் அந்தப் பாட்டை ஓடவிட்டால் மனிதர் பல்லைக் காட்டிச் சிரிப்பார். அதற்கு அவருக்கு உதவியது எரிக் வெங்கர் எழுதிய 'மெட்டாசிந்த்' என்ற மெக்கின்டாஷ் சாஃப்ட்வேர். அந்த முகம் காதில் எப்படி விழுகிறது? தகரத்தைத் தரையில் தரதரவென்று இழுத்த மாதிரி!

விஷயமே இங்கேதான் இருக்கிறது. கண்ணுக்கு அழகானது காதுக்கு அழகாக இருக்கவேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. வீணைத் தந்தி ஒன்றை மீட்டுகிறீர்கள், விநாடிக்கு 220 அதிர்வு என்று வையுங்கள். படத்தில் 220-ல் ஒரு கோடு மட்டும் வராது. 440, 660, 880 என்று அதன் தலைக்கு மேல் கோடுகள் அடுக்கி நிற்கும். புல்லாங்குழலில் அந்த மேல்கோடுகள் மங்கல், வயலினில் பளிச். ஒரே ஸ்வரத்தை இரண்டும் வாசித்தாலும் இது குழல், இது வயலின் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறோமே, அதில் பெரும்பங்கு இந்த அடுக்குக்குத்தான். வித்வான்கள் கொடுக்கும் கமகம், படத்தில் பாம்பு மாதிரி நெளியும். முகத்தில் இப்படி ஒழுங்கான அடுக்கு எங்கே இருக்கிறது? மூக்கு, மீசை எல்லாம் கண்டபடி கிடக்கிறது. அதனால்தான் தகரம்.

இதெல்லாம் கம்ப்யூட்டர் வந்த பிறகு பிறந்த விளையாட்டு என்று நினைத்தால், மாஸ்கோவுக்கு வாருங்கள். எவ்கெனி மூர்ஜின் என்று ஒரு ராணுவ இன்ஜினீயர். பகலில் ராணுவத் தளவாட வேலை. மனசு முழுக்க சங்கீதம். சினிமா பிலிம் ஓரத்தில் ஒலியை ஒளிக்கோடாகப் பதிந்து வைப்பார்கள் அல்லவா, 1930 வாக்கிலேயே ரஷ்யர்கள் சிலர் மைக்கே இல்லாமல் அதைக் கையால் வரைந்து பார்த்திருந்தார்கள். மூர்ஜின் அதற்கும் மேலே போனார். கறுப்பு மை பூசிய கண்ணாடிப் பலகை, அதைச் சுரண்டினால் சுரண்டிய இடத்தில் வெளிச்சம் புகும், வெளிச்சம் ஒலியாகும். 720 தனித்தனி சுருதிகள், ஒரு ஸ்தாயிக்கு 72. (72 என்றதும் மேளகர்த்தா என்று துள்ளாதீர்கள், சம்பந்தமே இல்லை.) தனக்குப் பிடித்த இசைமேதை அலெக்சாண்டர் நிகோலயெவிச் ஸ்க்ரியாபினின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஏ.என்.எஸ்.' என்று பெயர் வைத்தார்.

1930-களின் கடைசியில் போட்ட திட்டம், 1950-களின் கடைசியில்தான் மிஷினாக எழுந்து நின்றது. நடுவில் ஒரு உலகப் போர். அலுவலகம் முடிந்து வந்து கால் நீட்டி உட்காரும் நமக்கு இருபது வருஷப் பிடிவாதம் என்றால் என்ன என்று கொஞ்சம் புரியும்! தார்க்கோவ்ஸ்கியின் 'சொலாரிஸ்' படத்துக்கு எட்வர்ட் ஆர்தெமியெவ் அந்த மிஷினைப் பயன்படுத்தினார். படம் வந்தது 1972-ல். மூர்ஜின் 1970-லேயே காலமாகிவிட்டார்.

பிரான்ஸிலும் ஒருவர், யானிஸ் செனாகிஸ். அவரும் இன்ஜினீயர்தான், சண்டிகர் நகரத்தை வடிவமைத்த லெ கொர்பூசியேயின் ஆபீஸில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர். 1977-ல் அவர் உண்டாக்கிய 'யூபிக்', ஒரு பெரிய வரைபலகை. பேனாவால் கோடு இழுத்தால் கம்ப்யூட்டர் பாடும். சின்னப் பிள்ளைகளையும் அதில் வரையவிட்டார்கள். நொட்டேஷன் தெரியாதவனுக்கும் கதவைத் திறக்கவேண்டும் என்பது அவர் ஆசை.

திறந்ததா? பாதி திறந்தது என்பேன். கோடு இழுத்த மாத்திரத்தில் யாரும் இளையராஜா ஆகிவிட முடியாது. ஆனால் நேற்றுவரை 'நல்லா இருக்கு', 'போர்' என்று மட்டும் சொல்லத் தெரிந்த காது, இன்று 'ஏன்' என்று கேட்க ஆரம்பிக்கும்.

மூர்ஜின் மிஷினைப் போலவே செய்த 'விர்ச்சுவல் ஏ.என்.எஸ்.' என்ற சாஃப்ட்வேர் கம்ப்யூட்டருக்கு இலவசமாகக் கிடைக்கிறது. கல்யாண போட்டோவை அதில் போடாதீர்கள். 220-ல் ஒரு கோடு, 440-ல் ஒன்று, 660-ல் இன்னொன்று இழுங்கள். பிறகு மேல்கோடுகளை ஒவ்வொன்றாக அழித்து, குரல் எப்படி இளைக்கிறது என்று கேளுங்கள். ராத்திரி பதினோரு மணிக்கு என்றால் ஹெட்போன் அவசியம். அந்த பெயின்ட் அடித்த சதுரத்துக்கு மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்தே விடுவார்.