வாணிக ஆங்கிலமும் தாய்மொழி இலக்கணமும்

கல்முனையிலிருந்து தெற்கே, நிந்தவூரைக் கடந்து அக்கரைப்பற்றை நோக்கிச் செல்லும் கடற்கரைப் பெருவழியில் ஒலுவில் என்னும் ஊர் அமைந்துள்ளது. ஒருபுறம் கடலும் மறுபுறம் வயலும் சூழ்ந்த இவ்வூர் மக்களின் தாய்மொழி தமிழ். மார்க்கக் கல்வியில் அரபு பயில்கின்றனர். இவ்விரண்டோடு ஆங்கிலமும் இன்று இவ்வூரின் வாழ்க்கையிற் புகுந்துள்ளது. 1995 ஆம் ஆண்டில், அப்போது அமைச்சராயிருந்த எம். எச். எம். அஷ்ரப் அவர்களின் முயற்சியாற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி, 1996 இல் முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகம் ஒலுவிலில் உள்ளது. 2013 இல் ஒரு துறைமுகமும் இங்கே திறக்கப்பட்டது. அதன் வாயிலை மணல் மூடியமையால் எதிர்பார்த்த கப்பல் வாணிகம் நடைபெறவில்லை. கப்பலேறி வருமென்று எண்ணப்பட்ட வாணிக ஆங்கிலம் வகுப்பறை வழியாகவே வந்து சேர்ந்தது.

அவ்வகுப்பறையில் அமரும் மாணவனின் நிலையைச் சற்றே நோக்குதல் வேண்டும். கணக்கீடு, வணிகக் கல்வி, பொருளியல் ஆகிய பாடங்களை அவன் பாடசாலையிலே தமிழிற் கற்றவன். ஐந்தொகையைப் பிழையின்றித் தீட்ட வல்லவன். பொது ஆங்கிலம் உயர்தர வகுப்பில் ஒரு பாடமாக இருப்பினும், அதன் புள்ளி பல்கலைக்கழக அனுமதிக்குக் கணக்கிடப்படுவதில்லை. ஆதலின் அதனைப் பலர் பொருட்படுத்துவதுமில்லை. பின்னர் முகாமைத்துவமும் வர்த்தகமும் ஆங்கிலத்திற் கற்பிக்கப்படும் மண்டபத்தினுள் அவன் நுழைகின்றான். நேற்றுவரை வகுப்பில் முதல்வனாயிருந்தவன் இன்று வாய் திறக்க அஞ்சுகின்றான். உடனே அவனை மந்தபுத்தியுடையவன் என்று பிறர் கருதுகின்றனர்; நாளடைவில் அவனும் அவ்வாறே நம்பிவிடுகின்றான். இஃது உண்மைதானா என்பதே ஆராயத் தக்கது.

முதலிற் சொற்களை எடுத்துக்கொள்வோம். வாணிகச் சொற்கள் எக்காலத்திலும் ஊர்விட்டு ஊர் சென்றவையே. தமிழர் நாள்தோறும் வழங்கும் வசூல், பாக்கி என்பன அரபுச் சொற்கள்; ரசீது பாரசீகச் சொல்; ஏலம் போர்த்துக்கேயர் தந்தது; கந்தோர் ஒல்லாந்தர் விட்டுச் சென்றது. ஆங்கிலமும் இவ்வாறு கடன் கொண்ட மொழியே. சுங்கக் கட்டணத்தைக் குறிக்கும் ‘டாரிப்’ என்னும் ஆங்கிலச் சொல், அறிவித்தல் என்னும் பொருளுடைய அரபுச் சொல்லின் வழிவந்தது. ஆகவே கீழ்க்கரை மாணவனுக்கு வாணிக ஆங்கிலத்தின் சொற்கள் முற்றிலும் அந்நியமானவை அல்ல.

எனினும், பழகிய முகமுடைய சொல்லே சில வேளைகளில் ஏமாற்றும். கடைக்காரர் திருப்பித் தரும் மீதிக் காசை நம்மவர் ‘பாலன்ஸ்’ என்பர். ஆங்கிலேயர் அதனைச் ‘சேஞ்ச்’ என்பரேயன்றிப் ‘பாலன்ஸ்’ என்னார். அவருக்குப் ‘பாலன்ஸ்’ என்பது கணக்கின் மீதி. மற்றொரு சான்றும் உண்டு. களஞ்சியத்தைக் குறிக்கும் ‘மக்ஸன்’ என்னும் அரபுச் சொல் ஆங்கிலத்திற்குச் சென்று ‘மகஸின்’ ஆகி, இன்று பெரும்பாலும் சஞ்சிகையைக் குறிக்கின்றது. அதுவே ருஷ்ய மொழிக்குச் சென்று கடையைக் குறிக்கின்றது. தமிழில் வழங்கும் கஜானா என்பதும் அதே அரபு வேரினின்று பிறந்ததே. வேர் ஒன்றாயினும் பொருள் வெவ்வேறாயிற்று.

தமிழ்ச் சொல்லை ஆங்கிலச் சொல்லுக்கு நேராக நிறுத்தி மனனம் செய்வதும் போதாது. ‘டெபிட்’ என்பதற்கு இலங்கைப் பாடநூல்கள் வரவு என்றும், ‘கிரெடிட்’ என்பதற்குச் செலவு என்றும் எழுதுகின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்களோ ‘டெபிட்’ என்பதைப் பற்று என்றும், ‘கிரெடிட்’ என்பதை வரவு என்றும் எழுதுகின்றன. ஒரு நாட்டில் இடப்பக்கத்தைக் குறிக்கும் வரவு மற்றொரு நாட்டில் வலப்பக்கத்தைக் குறிக்கின்றது! இனி, வங்கியில் இட்ட பணத்தை வங்கிக் கூற்று ‘கிரெடிட்’ என்று காட்டும். வாடிக்கையாளரின் சொந்த ஏட்டிலோ அது ‘டெபிட்’ ஆகும். வங்கி அவருக்குக் கடன்பட்டிருப்பதை வங்கியின் ஏடு கூறுகின்றது. அவருக்கு வங்கியில் உள்ள உடைமையை அவரது ஏடு கூறுகின்றது. ஆதலின் இத்தகைய சொல்லை, யாருடைய பேரேட்டில் எந்தப் பக்கத்தில் நிற்கின்றது என்பதோடு சேர்த்தே கற்றல் வேண்டும்.

சொல்லினும் பெருந்தடை இலக்கணம். இங்கே, தொலைவிலுள்ள ஒரு மக்களின் அனுபவம் நமக்கு உதவும். இலங்கைத் தேயிலையை நெடுங்காலமாக வாங்குவோருள் ருஷ்யர் முக்கியமானவர். கொழும்பு வணிகரும் ருஷ்ய வணிகரும் கடிதம் எழுதிக்கொள்ளும்போது இருவருக்கும் பொதுவாக அமைவது ஆங்கிலம். அஃது இருவருக்கும் தாய்மொழியன்று. ருஷ்ய மொழி ஆங்கிலத்தோடு ஒரே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழோ வேறு குடும்பத்தது. அவ்வாறிருந்தும் ருஷ்யர் தடுக்கி விழும் இடங்கள் பலவற்றில் தமிழரும் தடுக்கி விழுகின்றனர். தடுக்குவது அறிவின் குறையால் அன்று, மொழிகளின் அமைப்பு வேறுபாட்டால் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

பெயர்ச்சொல்லுக்கு முன்னே ஆங்கிலத்தில் வரும் ‘எ’, ‘ஆன்’, ‘தி’ என்னும் சிறு சொற்களை முதலிற் கருதுவோம். இவை ருஷ்ய மொழியிலும் இல்லை, தமிழிலும் இல்லை. ஆனால் இவற்றின் கருத்து தமிழில் இல்லாமற் போகவில்லை. ‘சிட்டை அனுப்பினோம்’ என்றால் ஏதோ ஒரு சிட்டை. ‘சிட்டையை அனுப்பினோம்’ என்றால் இருவரும் அறிந்த அந்தச் சிட்டை. ஆங்கிலேயர் ‘தி’ என்னும் சொல்லாற் காட்டுவதைத் தமிழர் பல இடங்களில் இரண்டாம் வேற்றுமை உருபாற் காட்டுகின்றனர். ருஷ்யர் சொற்களின் வரிசையை மாற்றிக் காட்டுகின்றனர். இந்த உருபு எல்லா இடத்திலும் வழிகாட்டாது. ஆயினும் கருத்துத் தன் வாயிலேயே உள்ளதென்பதை மாணவன் உணர்ந்தால் அச்சம் பாதி நீங்கும்.

அடுத்து, ‘இந்த நெல் நல்லது’ என்னும் தமிழ் வாக்கியத்தில் வினைச்சொல் இல்லை. நிகழ்காலத்தில் ருஷ்ய வாக்கியமும் இவ்வாறே அமையும். ஆங்கிலத்திலோ ‘இஸ்’ என்பது இன்றி வாக்கியம் நிறைவு பெறாது. இரு நாட்டு மாணவரும் அதனை விட்டுவிடுதல் இயல்பே.

காலங்காட்டும் வினைகளில் இடர் வேறு விதமானது. ‘மூட்டைகளை அனுப்பியிருக்கிறோம்’ என்பதற்கு நேராக ‘ஹாவ் சென்ட்’ என்னும் ஆங்கில வடிவம் உண்டு. ருஷ்ய மொழியில் இதற்குத் தனி வடிவம் இல்லை. ஆகவே இவ்விடத்திலே தமிழ் மாணவனுக்கு வழி எளிது போலத் தோன்றும். ஆனால் தமிழில் ‘நேற்று அனுப்பியிருக்கிறோம்’ என்று நாளையும் சேர்த்துச் சொல்லலாம். ஆங்கிலம் அதற்கு இடந்தராது. நாளைக் குறித்துவிட்டால் ‘சென்ட்’ என்ற இறந்தகாலமே வரும். நாளைக் குறியாது, அனுப்பியதன் பயன் இன்றும் நிற்பதைச் சொன்னால் மட்டுமே ‘ஹாவ் சென்ட்’ வரும். ஒத்திருப்பது போற் காணப்படும் இடமே பெரிதும் விழிப்பாக இருக்க வேண்டிய இடம் என்பதை இதனால் அறியலாம். ‘மூன்று கடைகள் வைத்திருக்கிறோம்’ என்பதை நம்மவர் ‘ஆர் ஹாவிங்’ என்று எழுதிவிடுவதும் இத்தகையதே. அங்கே ‘ஹாவ்’ என்பதே போதும்.

இவையெல்லாம் செவிக்குக் குறையாகத் தோன்றினும், கருத்து விளங்கிவிடும். கைப்பொருளைப் பாதிக்கும் பிழைகளும் உள. ஒலுவிலில் ஒரு நெல் வணிகர் கொழும்பு நிறுவனம் ஒன்றுடன் ஆங்கிலத்தில் ஒப்பந்தம் செய்கின்றார் என்று கொள்வோம். சரக்கு 15 ஆந் திகதிக்குள் வந்து சேர வேண்டுமாயின் ‘பை’ என்னும் சொல்லை எழுதுதல் வேண்டும். கூறிய விலை 15 ஆந் திகதி வரை செல்லுமாயின் ‘அன்டில்’ என்னும் சொல்லை எழுதுதல் வேண்டும். ருஷ்ய மொழியில் ‘தோ’ என்னும் ஒரு சொல்லே பல வேளைகளில் இரண்டு கருத்துக்கும் நிற்பதால், ருஷ்ய மாணவர் இங்கே மிகவும் மயங்குவர். தமிழருக்கோ ‘-க்குள்’, ‘வரை’ என்னும் வேறுபாடு பிறவியிலேயே கிடைத்தது. அதனைக் கைவிளக்காகக் கொண்டால் வழுவார். ஆனால் ‘ஏழு நாட்களுக்குள்’ என்பதற்கு ‘இன்’ என்று எழுதினால், ஏழு நாள் கழித்து என்றும் பிறர் பொருள் கொள்ளக்கூடும். ‘விதின்’ என்று எழுதினாலே ஐயம் அகலும்.

ஒப்பந்தத்தின் உயிர்நிலையான மற்றொரு சொல் ‘வேண்டும்’ என்பது. ‘வாங்குவோர் காப்புறுதி செய்ய வேண்டும்’ என்னும் வாக்கியம் கட்டாயமா, அறிவுரையா? தமிழிற் சந்தர்ப்பமே அதைத் தெளிவாக்கும். ருஷ்யரும் இதுபோலவே ஒரு சொல்லை இரண்டுக்கும் ஆள்வர். ஆங்கிலத்திலோ கட்டாயத்திற்கு ‘மஸ்ட்’ அல்லது ‘ஷல்’. செய்தல் நன்று என்பதற்கு ‘ஷுட்’. விரும்பினாற் செய்யலாம் என்பதற்கு ‘மே’. ‘ஷல்’ வர வேண்டிய இடத்தில் ‘ஷுட்’ என்று எழுதிக் கையொப்பமிட்டால், சரக்கு நனைந்து அழிந்த நாளிலே நட்டம் யாரைச் சார்ந்தது என்று வழக்காட நேரிடும். ஒரு சிறு சொல் ஒரு போகத்தின் விளைச்சலையே விழுங்கக்கூடும்.

தமிழ் தெளிவாகப் பிரித்தும் ருஷ்யம் பிரிக்காத இடம் ஒன்றையும் சொல்லலாம். கடன் கொடுத்தலும் கடன் வாங்குதலும் தமிழில் வெவ்வேறு. ஆங்கிலத்தில் ‘லென்ட்’, ‘பொரோ’ என்பனவும் அவ்வாறே. ருஷ்யப் பேச்சுவழக்கில் ஒரே வினை இரண்டுக்கும் வரும். மறுதலையாக, ஒரு பொருள் ‘பற்றிக்’ கலந்துரையாடுவது தமிழ் மரபாகையால், தமிழர் ‘டிஸ்கஸ்’ என்னும் வினையின்பின் ‘எபவுட்’ என்பதைச் சேர்த்துவிடுவர். ருஷ்யர் அங்ஙனம் செய்யார், அவர் மொழியில் அவ்வினைக்குச் செயப்படுபொருள் நேரே வரும். தகவல்கள், ஆலோசனைகள் என்று தமிழிற் பன்மை கூறலாம். ‘இன்பர்மேஷன்’, ‘அட்வைஸ்’ என்பனவோ ஆங்கிலத்திற் பன்மை ஏலா. ருஷ்யர் பணத்தையே பன்மையாகச் சொல்பவராதலின் ‘மனி’ என்பதோடு பன்மை வினையைச் சேர்த்து இடர்ப்படுவர். ஒவ்வொருவரும் தத்தம் வீட்டு வழக்கத்தையே வெளியிலும் கொண்டு செல்கின்றனர்.

மரியாதையும் இலக்கணத்தின் ஒரு பகுதியே. ‘அனுப்புங்கள்’ என்னும் போது மரியாதை வினையின் விகுதியிலேயே அடங்கிவிடுகின்றது. ருஷ்ய மொழியிலும் மரியாதைக்கெனத் தனி ஏவல் வடிவம் உண்டு. ஆங்கில ஏவலில் அத்தகைய விகுதி இல்லை. ‘சென்ட்’ என்று மட்டும் எழுதினால், ஆங்கிலேயன் காதில் அது ‘அனுப்பு’ என்று அதட்டுவது போல ஒலிக்கும். ‘குட் யூ’, ‘வுட் யூ’ என்னும் வினா வடிவங்களால் அங்கே பணிவைக் காட்டுதல் வேண்டும். நற்குணமுடைய வணிகர் ஒருவர் விகுதியை மொழிபெயர்க்க இயலாமையாற் கடுமையானவர் என்று பெயர் பெறுவது வருந்தத்தக்கதன்றோ?

இனி, கற்கும் முறை யாது? சொல்லைத் தனியே கற்காது, அதன் துணைச் சொல்லோடு கற்றல் முதலாவது. தமிழிற் கணக்குத் தீர்க்கின்றோம், வட்டிக்கு விடுகின்றோம்; இவற்றின் வினையை மாற்றினால் வழக்காகாது. அதுபோல ஆங்கிலத்தில் ‘ஓடர்’ என்பதற்குப் ‘பிளேஸ்’ என்பதும், ‘பேமென்ட்’ என்பதற்கு ‘மேக்’ என்பதும், ‘இன்வொய்ஸ்’ என்பதற்கு ‘இஷ்யூ’ என்பதும் உரிய வினைகள். இவற்றை இணைகளாகவே குறிப்பேட்டில் எழுதி வைத்தல் நன்று.

இரண்டாவது, இருமுறை மொழிபெயர்த்தல். நல்ல ஆங்கில வாணிகக் கடிதம் ஒன்றைத் தமிழாக்கி வைத்து, ஓரிரு நாள் கழித்து, மூலத்தைப் பாராமல் அத்தமிழை மீண்டும் ஆங்கிலமாக்கி, பின்னர் இரண்டையும் ஒப்புநோக்குதல் வேண்டும். விடுபட்ட ‘தி’யும் தவறிய காலமும் தாமே கண்ணிற்படும். இது புதிய முறையன்று. ரொஜர் அஸ்கம் என்னும் ஆங்கில ஆசிரியர், 1570 இல் வெளிவந்த தம் நூலில், ஆங்கிலச் சிறுவர் இலத்தீன் கற்பதற்கு இம்முறையையே வற்புறுத்தினார். ஆங்கிலேயரும் ஒரு காலத்திற் பிறமொழி முன்னே தடுமாறி நின்றவர்களே.

மூன்றாவது, பிழைகளை வகைப்படுத்தி வைத்தல். ஒருவர் செய்யும் நூறு பிழைகளை எண்ணிப் பார்த்தால், அவை பெரும்பாலும் ஒருசில வகைகளுள் அடங்கிவிடும். அவ்வகை ஒவ்வொன்றின் அருகிலும், அதற்குக் காரணமான தமிழ் வழக்கையும் எழுதி வைத்தல் வேண்டும். காரணம் அறிந்த பிழை மீண்டும் வருதல் அரிது.

இவற்றுக்கெல்லாம் முற்படு தேவை, தாய்மொழியின் இலக்கணத்தைத் தெளிவாக அறிதலே. ‘சிட்டை’க்கும் ‘சிட்டையை’க்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்த மாணவன் ‘தி’யின் பயனை விரைவில் உணர்வான். தமிழை மறந்தாலன்றி ஆங்கிலம் வாராது என்று கூறுவோர், மாணவன் கையிலுள்ள அளவுகோலைப் பறித்துக்கொண்டு நிலத்தை அளக்கச் சொல்பவராவர். வகுப்பறையில் மௌனமாயிருக்கும் மாணவனுக்குக் கணக்கும் தெரியும், தன் மொழியும் தெரியும். அவ்விரண்டுக்கும் ஆங்கிலத்திற்கும் இடையே உள்ள தூரத்தை அவனுக்கு அளந்து காட்டுவதே ஆசிரியரின் கடமையாகும்.