தாய்க்கோழி முட்டைக்கு, குஞ்சு பல்புக்கு

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத் தோப்புகளில் நாலைந்து நாட்டுக்கோழி வைத்திருப்பவர்கள் அதை இருபது, முப்பதாகப் பெருக்க நினைத்தால், முட்டைக்குப் பஞ்சமிருக்காது. குஞ்சுகளை முதல் மாதம் தாண்ட வைப்பதுதான் பாடு.

21 நாள் அடைகாத்துப் பொரித்த தாய், குஞ்சுகளோடு இரண்டு மூன்று மாதம் திரியும். அதுவரை முட்டை இல்லை. குஞ்சுகளைப் பிரித்து வளர்த்தால் சீக்கிரமே முட்டைக்கு வரும்.

அட்டையை வட்டமாக நிறுத்தி, உமியோ கடலைத்தோலோ இரண்டு அங்குலம் பரப்பி, மேலே செய்தித்தாள் விரியுங்கள். குஞ்சுக்கு 2 வாட் கணக்கில் குண்டு பல்பு தொங்கட்டும். எல்.இ.டி. வெளிச்சம் தரும், சூடு தராது. முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட், பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறையுங்கள். குஞ்சுகள் பல்புக்கடியில் குவிந்தால் குளிர்; விளிம்புக்கு ஒதுங்கினால் சூடு அதிகம். ஐப்பசி மழையில் இரவு பல்பை அணைத்தால், காலையில் ஒன்றன்மேல் ஒன்று நசுங்கிக் கிடக்கும்.

வெள்ளைக்கழிச்சல் வந்தபின் மருந்தில்லை. 7ஆம் நாள் கண்ணில் ஒரு சொட்டு, 28ஆம் நாள் மறுபடி லசோட்டா, 8ஆம் வாரம் இறக்கையில் ஊசி. கால்நடைத் துறையின் பிப்ரவரி முகாமுக்காக, ஆடியில் பொரித்த குஞ்சு காத்திருக்குமா? மருந்தை ஐஸில் கொண்டுவந்து, கலக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். குப்பி பெரும்பாலும் 100 கோழிக்கானது; தெருவில் நாலு வீடு சேர்ந்து ஒரே மாலையில் போட்டால் வீணாகாது.