ஏழாம் நாளுக்குள் ஒரு பெயர்

 

நம் இல்லங்களில் குழந்தை பிறந்தவுடன் காதில் பாங்கு சொல்லப்படுகிறது. நாவில் இனிப்புத் தடவப்படுகிறது. இவற்றில் நாம் குறை வைப்பதில்லை. ஆனால், ஆயுள் முழுவதும் அக்குழந்தையுடன் வரப்போகிற பெயரை மட்டும், கைப்பேசியில் கண்ட ஏதோ ஒரு பட்டியலிலிருந்து பொறுக்கி எடுக்கிறோம். இது பற்றி உங்களுடன் சிறிது பேச விரும்புகிறேன்.

சென்ற மாதம் ஒரு காலைப்பொழுதில் திருச்செந்தூருக்குத் தெற்கே உள்ள ஆலந்தலைக் கடற்கரைக்குச் சென்றிருந்தேன். அங்கே மீன் ஏலம் எடுக்க வரும் என் பழைய மாணவர் ஒருவர் என்னைக் கண்டதும் விரைந்து வந்தார். அவருக்குப் பெண் குழந்தை பிறந்து நான்கு நாட்கள் ஆகியிருந்தன. ஏழாம் நாள் அகீகா.

"ஹஜ்ரத், பிள்ளைக்கு ரியா என்று பெயர் வைக்க வீட்டில் ஆசைப்படுகிறார்கள். இப்போதே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. கூடாது என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் போய்ச் சொல்லிவிடுவேன்" என்று கூறிக் கைப்பேசியை நீட்டினார். 'ரியா: கிரேக்கப் புராணத்தில் தெய்வங்களின் தாய்' என்று அதில் இருந்தது.

அந்த ஒரு வார்த்தையை நான் உடனே சொல்லவில்லை. தடையை மட்டும் சொன்னால் பெற்றவள் மனத்தில் வருத்தம் தங்கும், காரணம் தங்காது.

கிரேக்க மொழிப் பெயர் என்பதற்காகவே ஒரு பெயரை நாம் தள்ளிவிட முடியுமா? முடியாது. நம் ஊர்களில் சிக்கந்தர் என்று எத்தனை பேர் இருக்கிறார்கள்! அலெக்சாண்டர் என்ற கிரேக்கப் பெயரே அரபியில் இஸ்கந்தர் என்றும், பாரசீக வழியாகச் சிக்கந்தர் என்றும் ஆயிற்று. மனிதரைக் காப்பவன் என்பது அதன் பொருள். இதில் ஒரு குற்றமும் இல்லை. எகிப்திலிருந்து வந்த அன்னை மாரியத்துல் கிப்திய்யா (ரலி) அவர்களின் பெயரையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மாற்றவில்லை. மொழி வேறு, மார்க்கம் வேறு.

அப்படியானால் நாயகம் (ஸல்) அவர்கள் எதைப் பார்த்தார்கள்? பொருளைப் பார்த்தார்கள். 'மாறு செய்பவள்' என்று பொருள்படும் ஆஸியா என்ற பெயருடைய பெண்மணிக்கு, 'அழகி' எனப் பொருள்படும் ஜமீலா என்று பெயர் மாற்றினார்கள். (ஃபிர்அவ்னின் மனைவியாராகிய அன்னை ஆசியாவின் பெயர் வேறு, அரபியில் எழுத்தும் வேறு.) ஹஸன் என்று நாம் சூட்டுவது அழகைக் குறிக்கும், ஒலியில் அதற்கு நெருங்கிய ஹஸ்ன் என்ற மற்றொரு சொல்லோ கரடுமுரடைக் குறிக்கும். இப்பெயருடைய ஒருவரை 'எளிமை' எனப் பொருள்படும் ஸஹ்ல் என்று மாற்றிக்கொள்ளும்படி நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். தந்தை வைத்த பெயரை மாற்றமாட்டேன் என்றார் அவர். அதன்பின் எங்கள் குடும்பத்தில் அந்தக் கடுமை நீங்கவே இல்லை என்று அவருடைய பேரர் ஸயீத் இப்னு முஸய்யப் (ரஹ்) அவர்கள் கூறியதாகப் புகாரியில் காண்கிறோம்.

இந்த அளவுகோலால் ரியாவை அளந்து பார்ப்போம். கிரேக்கர் கதையில் ரியா என்பவள் குரோனஸ் என்ற தெய்வத்தின் மனைவி. தன் பிள்ளைகளால் ஆட்சி பறிபோகும் என்று அஞ்சி, பிறக்கப் பிறக்க அவர்களை விழுங்கியவன் அவன். கடைசிப் பிள்ளை சீயஸை ஒளித்துவிட்டு, துணியில் சுற்றிய கல்லை அவனிடம் கொடுத்துக் காப்பாற்றினாள் ரியா. கதை என்ற அளவில் படிக்கலாம். ஆனால் அவள் கோயில் கட்டி வழிபடப்பட்டவள். ஏகத்துவக் கலிமாவைக் காதில் ஓதிய குழந்தைக்கு அந்தப் பெயர் எதற்கு?

இதனினும் பெரிய செய்தி ஒன்று உண்டு. ரியா என்ற சொல்லை நம் மதரஸாப் பிள்ளைகள் அனைவரும் அறிவார்கள். அரபியில் அதற்கு முகஸ்துதி என்று பொருள். பிறர் பார்க்க வேண்டும் என்பதற்காக அமல் செய்வது. தம் சமுதாயத்தைக் குறித்து அண்ணலார் (ஸல்) அஞ்சிய சிறிய இணைவைப்பு இதுதான் என்று ஹதீஸில் வந்திருக்கிறது. கிரேக்கச் சொல்லுக்கும் அரபிச் சொல்லுக்கும் உறவு இல்லை. ஒலி மட்டுமே ஒன்று. எனினும் நம் செவிக்கு எட்டுவது ஒலிதானே!

நாங்கள் நின்றுகொண்டிருந்த அந்தக் கரைக்கும் கிரேக்கர் கதைக்கும் பழைய தொடர்பு உண்டு. கி.மு. 300-ஐ ஒட்டிச் சந்திரகுப்த மௌரியரின் அவைக்குத் தூதராக வந்த மெகஸ்தனிஸ், ஹெர்குலிஸ் தன் மகள் பண்டாயியாவுக்கு ஒரு நாட்டைக் கொடுத்தான் என்றும், அவளை அலங்கரிக்கக் கடலிலிருந்து முத்துக்களைத் திரட்டினான் என்றும் எழுதியதாக அர்ரியன் குறித்திருக்கிறார். அது பாண்டிய நாடு என்பர். கேட்க இனிமையான கதை. பண்டாயியா என்ற பெயரும் இனிமையே. ஆனால் அத்தகப்பனுக்கும் மகளுக்கும் இடையே பின்னர் நடந்ததாகச் சொல்லப்படுவதைக் குடும்ப இதழில் எழுத என் பேனா கூசுகிறது. பெயரின் அழகை மட்டும் கண்டு கதையைக் காணாது எடுப்பவருக்கு நேரும் ஆபத்து இதுவே.

முத்தின் பெயரிலோ அந்த ஆபத்து இல்லை. கிரேக்கர் முத்தை மார்கரிட்டிஸ் என்றனர். ஆலந்தலை போன்ற கத்தோலிக்கக் கடற்கரை ஊர்களில் நம் அண்டை வீட்டார் சூட்டும் மார்கரெட் என்ற பெயர் அதிலிருந்து பிறந்ததே. திருக்குர்ஆனின் அர்ரஹ்மான் அத்தியாயத்தில் வரும் மர்ஜான் என்ற சொல்லும் அதற்கு உறவுடையது என்பர் மொழியறிஞர். 1961-க்குப் பின் தூத்துக்குடிக் கடலில் அரசின் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. பெயர்களில் மட்டும் முத்து இன்னும் விளைகிறது.

நாயகம் (ஸல்) அவர்களின் கொடிய பகைவன் அபூலஹபின் இயற்பெயர் அப்துல் உஸ்ஸா; உஸ்ஸா என்ற சிலையின் அடிமை என்று பொருள். அவனுடைய மகளின் பெயர் துர்ரா. முத்து என்று பொருள். அந்த அம்மையார் இஸ்லாத்தை ஏற்று மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்தார்கள். ஒரே வீட்டில் தந்தையின் பெயர் சிலைக்கு அடிமையாயிற்று. மகளின் பெயர் முத்தாகவே நிலைத்தது.

இவ்வளவையும் என் மாணவரிடம் சொல்லி, "தீர்ப்பாகக் கொண்டுபோகாதீர், செய்தியாகக் கொண்டுபோய்ச் சொல்லும். முடிவு பெற்றவளும் சேர்ந்து எடுக்கட்டும்" என்றேன். மறுநாள் அவர் தொலைபேசியில் கூறியது என்னை நாணச் செய்தது. "என் பிள்ளையை முகஸ்துதியே என்றா நான்கு நாட்களாகக் கொஞ்சினேன்! மதரஸாவில் இந்தச் சொல்லை மனப்பாடம் செய்து பரிசும் வாங்கினேனே!" என்று அந்தச் சகோதரி கண்கலங்கினாராம். தேர்வுக்கான விடையாக மட்டும் அச்சொல்லைக் கற்பித்தது எம்போன்ற ஆசிரியர்களின் குறையன்றோ!

பெற்றோர்களே! பெயரைத் தேர்ந்தெடுக்குமுன் அதன் பொருள் என்ன, அது யாரை நினைவூட்டுகிறது, நம் வீட்டில் வழங்கும் மொழிகளில் அது எப்படி ஒலிக்கிறது என்று கேளுங்கள். பதிவு அலுவலகத்துக்கு அஞ்சி அவசரப்பட வேண்டாம். பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்வது கடமை. பெயரைப் பின்னர் 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ளலாம். ஏழாம் நாளில் பெயரிடுவது ஸுன்னத். ஆகவே, குழந்தை பிறக்குமுன்பே கணவனும் மனைவியும் பெரியவர்களுடன் அமர்ந்து பேசிவிடுவது நலம்.

அந்தக் குழந்தைக்கு ஏழாம் நாளில் அதன் தாயே தேர்ந்தெடுத்த பெயரைச் சூட்டினார்கள்: துர்ரா. முத்துக் கடலோரத்தில் பிறந்த பிள்ளைக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் ஏது!

நம் பிள்ளைகளின் பெயர்களையும் செயல்களையும் வல்ல அல்லாஹ் அழகாக்கி வைப்பானாக! ஆமீன்.