கணக்கிலிருந்து கண்ணாடிக்கு

பௌதிக சாஸ்திரம் கற்றவர்கள் ஆராய்ச்சிக்கூடத்தை விட்டு வந்து, ஸ்டார்ட்அப் என்று இன்று வழங்கும் புதுத் தொழில் நிறுவனங்களைத் தொடங்குவது இக்காலத்து விந்தையென்று பலரும் எண்ணுகின்றனர். எந்த அவசியம் ஒரு விஞ்ஞானியைத் தொழிலதிபராக்குகிறது என்று அறிய விரும்புவோர், ஜெர்மனியின் யேனா நகரில் வாழ்ந்த எர்ன்ஸ்ட் அபேயின் (1840–1905) சரித்திரத்தைப் பார்ப்பது நன்று.

அந்நகரில் 1846-இல் கார்ல் ஸைஸ் தொடங்கிய பட்டறையில், அக்காலத்து மற்றப் பட்டறைகளிற்போலவே, நுண்ணோக்கியின் லென்ஸ்கள் கைப்பழக்கத்தாலும் பொறுமையாலுமே உருவாயின. ஒன்றைத் தேய்த்து, மற்றொன்றோடு பொருத்தி, பிம்பம் மங்கினால் வேறொன்றை எடுத்து, இப்படியே முயன்று முயன்று ஒரு நல்ல கருவி அமைந்துவிட்டாலும், அதே போன்ற இரண்டாவது அமையும் என்பதற்கு எவ்வித உறுதியும் இல்லை. இதில் திருப்தி கொள்ளாத ஸைஸ், 1866-இல், சர்வகலாசாலையில் போதித்துவந்த இளைஞரான அபேயை அணுகி, கண்ணாடியை இழைப்பதற்கு முன்பே அதன் வடிவத்தைக் கணக்கிட்டுக் கூற இயலுமா என்று கேட்டார்.

கணக்கிட்டுச் செய்த முதல் லென்ஸ்கள், கைப்பழக்கத்தால் செய்தவற்றைவிட மோசமாக இருந்தன. குறைகளை நீக்கும் பொருட்டு அபே லென்ஸின் திறப்பைக் குறுக்கியிருந்தார்; பிம்பத்தின் விளிம்புகள் செம்மையாயினவேயன்றி, நுண்ணிய விவரங்கள் மறைந்துபோயின. வேறொருவராயின் பழைய வழிக்கே திரும்பியிருப்பார். அபேயோ இந்தத் தோல்விக்குக் காரணம் என்னவென்று ஆராயப் புகுந்து, ஒளி அலைகள் நுண்பொருளின் மீது பட்டுச் சிதறும்போது, பொருள் எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு அகன்ற கோணத்தில் விலகிச் செல்கின்றன என்றும், அவ்வாறு விலகிய ஒளியையும் ஏற்கும் அகலம் லென்ஸுக்கு இல்லாவிட்டால் அந்த நுட்பம் கண்ணுக்கு எட்டாது என்றும் கண்டார். ஒளியின் அலைநீளத்தில் சுமார் பாதியளவுக்குக் கீழே, அதாவது மில்லிமீட்டரில் ஏறத்தாழ 5,000-இல் ஒரு பங்குக்குக் கீழே, சாதாரண நுண்ணோக்கியால் எதையும் பிரித்தறிய முடியாது என்னும் எல்லையை அவர் 1873-இல் வெளியிட்டார். பட்டறையின் ஒரு நஷ்டத்திலிருந்து பிறந்த இந்தச் சித்தாந்தமே அவருடைய கீர்த்திக்கு ஆதாரம்.

ஆயினும் கணக்கு கோரிய கண்ணாடி உலகில் இல்லை. வர்ணக் கலப்பற்ற பிம்பத்துக்கு ஒளியை வெவ்வேறு விகிதங்களில் பிரிக்கும் கண்ணாடி வகைகள் வேண்டும், கிடைத்தவையோ சிலவே. இதற்குள் ஸைஸின் கூட்டாளியாகிவிட்ட அபே, 1879-இல் லித்தியம் கலந்த கண்ணாடியின் மாதிரியை அனுப்பிய ஓட்டோ ஷாட் என்னும் இளம் ரசாயன நிபுணரை யேனாவுக்கு வரவழைத்தார். 1884-இல் இருவரும், ஸைஸும் அவர் மகனும் சேர்ந்து, ஒரு கண்ணாடித் தொழிற்கூடத்தை நிறுவினர். நிறப்பிழையை மிகக் குறைத்த அபோகுரோமாட் லென்ஸ்கள் 1886-இல் அதன் பயனாக வெளிவந்தன. கணக்கைக் காகிதத்தில் முடித்துவிட்டு எவரேனும் கண்ணாடி வார்ப்பார்கள் என்று காத்திருந்தால், அந்தக் கணக்கு காகிதத்திலேயே இருந்திருக்கும். அபே தொழிலில் இறங்கியதற்கு இதைவிட வலிய காரணம் இல்லையென்று நான் கருதுகிறேன்.

செல்வம் பெருகியபின் அபே செய்ததை என் உள்ளம் இன்னும் அதிகமாகப் போற்றுகிறது. அவருடைய தந்தை நூற்பாலையில் நாளொன்றுக்கு 14 முதல் 16 மணி நேரம் உழைத்தவர். யந்திரத்தருகே நின்றபடியே அவர் உண்பதை, உணவு கொண்டுசெல்லும் சிறுவனாகிய அபே கண்டிருக்கிறார். கார்ல் ஸைஸ் 1888-இல் காலமானார். மறு வருஷமே அவர் பெயரால் ஓர் அறநிறுவனம் அமைத்த அபே, 1891-இல் தம் பங்குகளை அதற்கே எழுதிவைத்துத் தாமும் ஊதியம் பெறும் நிர்வாகிகளுள் ஒருவரானார். தொழிலாளருக்கு ஓய்வூதியமும் சம்பளத்துடன் விடுமுறையும் உரிமையாயின. லாபத்தில் ஒரு பகுதி சர்வகலாசாலைக்குச் சென்றது. உயர் அதிகாரியின் சம்பளத்துக்கும், தொழிலாளரின் சராசரி ஊதியத்தைப் போல் பத்து மடங்கு என்ற வரம்பு ஏற்பட்டது. 1900-இல் ஒன்பது மணி நேர வேலையை எட்டு மணியாகக் குறைத்தபோது, அவர் அதை ஒரு பரிசோதனையாகவே நடத்தி, முன்னும் பின்னுமான உற்பத்தியை ஒப்பிட்டுப் பார்த்தார்; நாளொன்றின் உற்பத்தி குறையவில்லை, சிறிது உயர்ந்தே இருந்தது.