பழைய ‘ஹோம் தியேட்டர்’ பிரீ-ஆம்ப்: பெயரைப் பார்க்காதீர்கள், பின்பக்கத்தைப் பாருங்கள்!

தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் நாம் பேசியவற்றை எழுத்தாக்கித் தரும் இந்தப் பக்கத்தில், இவ்வாரம் சற்று வித்தியாசமான தலைப்பு. ஒரு காலத்தில் பெரிய பங்களா வீடுகளில் மட்டுமே இருந்த விலையுயர்ந்த ‘ஹோம் தியேட்டர்’ பிரீ-ஆம்ப்ளிஃபையர்கள் இன்று பழைய பொருளாக மலிவு விலைக்கு வருகின்றன. அவற்றை வாங்கலாமா, கூடாதா?

நிபோங் திபால் போன்ற ஊரில் இந்தக் கருவிகளைப் போட்டுக் காட்டும் பெரிய கடைகள் கிடையாது. ஆசைப்படுபவர் ஜார்ஜ்டவுன் லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தைக்குப் போக வேண்டும். இல்லையென்றால் இணைய விளம்பரங்களைத் தேட வேண்டும். நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளமே 2025 முதல் 1,700 வெள்ளிதான். ஆகவே 1,500 வெள்ளிக்கு ஒரு பழைய பெட்டியை வாங்குவது ஒரு குடும்பத்தின் ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளத்தைப் பந்தயம் கட்டுவதற்குச் சமம். அதனால்தான் இதை நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது.

பிரீ-ஆம்ப் என்ன வேலை செய்கிறது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக் கொள்வோம். கடைகளில் பரவலாக விற்கும் ‘ஏ.வி. ரிசீவர்’ ஒரே பெட்டியில் எல்லா வேலையையும் செய்து விடும். பிரீ-ஆம்ப் அப்படியல்ல. டிவிடி, ஆஸ்ட்ரோ பெட்டி, சிடி ஆகியவற்றிலிருந்து வரும் ஒலியை வாங்கி, பிரித்து, எந்த ஸ்பீக்கருக்கு எது போக வேண்டும் என்று பங்கிட்டு, சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது வரைதான் அதன் வேலை. ஸ்பீக்கரை ஓட்டும் சக்தி அதனிடம் இல்லை. அதற்குத் தனியாக ‘பவர் ஆம்ப்ளிஃபையர்’ வேண்டும்.

ஆகவே 1,500 வெள்ளிக்கு பிரீ-ஆம்ப் கிடைத்தால் செலவு அதோடு முடிந்து விடாது. ஐந்து அல்லது ஏழு சேனல் பவர் ஆம்ப், அதற்கான கேபிள்கள் என்று கணக்கு நீளும். வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகு, ‘ஸ்பீக்கர் ஒயர் மாட்ட இடமே இல்லையே!’ என்று தலையைச் சொறிவதில் பயனில்லை.

எது பழசாகும், எது பழசாகாது?

ஒரு நல்ல பிரீ-ஆம்பில் இரண்டு பகுதிகள் இருப்பதாக எண்ணிக் கொள்ளுங்கள். ஒன்று, ஒலியைச் சுத்தமாகக் கடத்தும் அனலாக் பகுதி. தரமான மின் வழங்கியும் நல்ல பாகங்களும் கொண்ட இப்பகுதி 20 ஆண்டுகள் கழித்தும் இனிமையாகப் பாடும். மற்றொன்று, டிஜிட்டல் ஒலியைப் பிரித்தறியும் பகுதி. இது கணினியைப் போன்றது. புதிய ஒலி முறை வந்து விட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பெட்டியாக இருந்தாலும் அதைப் புரிந்து கொள்ளாது. பழைய பெட்டிகளின் விலை சரிவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

தமிழ்த் திரையுலகையே எடுத்துக் கொள்ளுங்கள். 1995-இல் ‘குருதிப்புனல்’ டால்பி ஒலியோடும், 1996-இல் ‘கருப்பு ரோஜா’ டி.டி.எஸ். ஒலியோடும் வந்தன. 2012 டிசம்பரில் ‘சிவாஜி’ முப்பரிமாணப் பதிப்பு தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் டால்பி அட்மாஸில் வந்தது. வீட்டுக் கருவிகளுக்கு அட்மாஸ் வந்தது 2014-இல். அதற்கு முன் செய்த எந்தப் பெட்டியிலும் அட்மாஸ் இருக்காது.

ஆண்டுக் கணக்கு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது

எச்.டி.எம்.ஐ. இணைப்பு 2002 இறுதியில் அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்தைய பெட்டிகளில் அது இல்லை. 2006-இல் வந்த 1.3 பதிப்புதான் புளூ-ரே தட்டுகளின் டால்பி ட்ரூ-எச்.டி., டி.டி.எஸ்.-எச்.டி. ஒலிகளை அப்படியே கடத்தியது. 2008 வாக்கில் வந்த மராண்ட்ஸ் ஏவி8003, டெனோன் ஏவிபி-ஏ1எச்.டி.சி.ஐ. போன்றவை இவற்றைப் பிரித்தறியும். ஆனால் 4கே படத்தை அவற்றின் வழியே அனுப்ப முடியாது. 2013-இல் வந்த 2.0 பதிப்புதான் 4கே படத்தை வினாடிக்கு 60 பிரேம் வேகத்தில் கடத்தியது. அதிலும் எச்.டி.சி.பி. 2.2 என்ற பாதுகாப்புப் பூட்டு இல்லையென்றால், 4கே புளூ-ரே தட்டின் படம் அந்த வழியில் 4கே-யாக வராது.

விற்பவர் ‘எச்.டி.எம்.ஐ. இருக்குங்க’ என்று சொன்னால் அதோடு விட்டு விடாதீர்கள். எந்தப் பதிப்பு என்று கேளுங்கள். மாடல் எண்ணை வாங்கி, தயாரிப்பாளரின் கையேட்டில் சரிபாருங்கள்.

பழையதைப் புதியதோடு இணைக்க வழி உண்டு

படத்தை டிவிக்கும் ஒலியை பிரீ-ஆம்புக்கும் தனித்தனியே அனுப்பலாம். ஆஸ்ட்ரோ பெட்டியை நேரே டிவியில் மாட்டி, டிவியின் ‘ஆப்டிக்கல்’ துளையிலிருந்து பிரீ-ஆம்புக்குக் கேபிள் இழுத்தால் டால்பி டிஜிட்டல் 5.1 ஒலி கிடைக்கலாம். ஆனால் ட்ரூ-எச்.டி., டி.டி.எஸ்.-எச்.டி., அட்மாஸ் ஆகியவை அந்த மெல்லிய கேபிளில் வராது.

4கே புளூ-ரே பிளேயர் வைத்திருப்போர், இரண்டு எச்.டி.எம்.ஐ. வெளியீடு உள்ளதைத் தேடலாம். ஒன்று டிவிக்கு, மற்றொன்று ஒலிக்காக மட்டும் பழைய பிரீ-ஆம்புக்கு. எச்.டி.எம்.ஐ. அறவே இல்லாத பெட்டியானால், அதன் பின்னால் 5.1 அல்லது 7.1 அனலாக் உள்ளீடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பிளேயரே ஒலியைப் பிரித்து அனுப்பும். ஓப்போ யு.டி.பி.-205 போன்ற பிளேயர்களில் இந்த வசதி உண்டு. அந்நிறுவனம் 2018-இல் புதிய பிளேயர் தயாரிப்பை நிறுத்தி விட்டதால் அதையும் பழைய பொருளாகத்தான் தேட வேண்டும்.

நம் வீடுகளில் அலமாரி நிறைய இருக்கும் தமிழ்ப் பட டிவிடிகளுக்கும் இளையராஜா பாடல் சிடிக்களுக்கும் இந்தக் கவலை எதுவும் இல்லை. டால்பி, டி.டி.எஸ். 5.1 பிரித்தறியும் எந்தப் பழைய பெட்டியும் அவற்றை முழுமையாக ஒலிக்கச் செய்யும்.

மின்சாரமும் நம் ஊர் வெயிலும்

வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியா? பின்பக்கம் எழுதியிருப்பதைப் படியுங்கள். ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120 வோல்ட். நம் நாட்டில் 230 வோல்ட். 2008-க்கு முன் 240 என்றிருந்தது. 100 வோல்ட் பெட்டியை அப்படியே நம் சுவரில் செருகினால் கதை முடிந்தது! மின்னழுத்தத்தை இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கலாம். ஆனால் அந்தச் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.

இந்தப் பெட்டிகளுக்குள் ‘கெப்பாசிட்டர்’ எனும் சிறு உருளைகள் நிறைய உண்டு. வெப்பம் 10 டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. கெரியான் ஆற்றோரத்து ஈரக் காற்றும், காற்றோட்டமில்லாத அலமாரியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். துருப்பிடித்த திருகாணி, உள்ளே எறும்பு, பல்லி எச்சம் ஆகியவை பெட்டி எப்படி வாழ்ந்தது என்பதைச் சொல்லி விடும். இடி, மின்னலில் அடிபட்டு எச்.டி.எம்.ஐ. அட்டை மாற்றப்பட்டதா என்றும் கேளுங்கள். அந்த அட்டைக்கு இன்று உதிரிப்பாகம் கிடைப்பது கடினம்.

நேரில் பார்க்கும்போது...

* நீங்கள் போகும்வரை பெட்டியை அணைத்தே வைக்கச் சொல்லுங்கள். குளிர்ந்த நிலையில் போடும்போதுதான் சில கோளாறுகள் தெரியும். பிறகு ஒரு மணி நேரமாவது ஓட விடுங்கள்.

* உள்ளேயே இருக்கும் சோதனை ஒலியைப் போட்டு, ஒவ்வொரு சேனலும் ஒரே அளவில் கேட்கிறதா என்று கவனியுங்கள்.

* பாட்டு எதுவும் போடாமல் சத்தத்தைக் கூட்டுங்கள். ‘ம்ம்ம்’ என்ற இரைச்சலோ, குமிழைத் திருகும்போது கரகரப்போ வரக் கூடாது.

* எல்லா உள்ளீடுகளையும் மாட்டிப் பாருங்கள். ‘ஒன்றுதான் வேலை செய்யவில்லை’ என்பது சின்ன விஷயமல்ல.

* ரிமோட்டும், அறை ஒலியைச் சீர்செய்யும் மைக்கும் உண்டா? பல பெட்டிகளுக்கு வேறு மாடலின் மைக் சரியான அளவைத் தராது.

பினாங்கில் 1970-களிலிருந்து மின்னணுத் தொழிற்சாலைகள் இயங்குகின்றன. நிபோங் திபாலிலேயே அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் இருக்கிறது. உங்கள் உறவிலோ அண்டை வீட்டிலோ மின்னணு தெரிந்த ஒருவர் நிச்சயம் இருப்பார். அவரையும் கையோடு அழைத்துச் செல்லுங்கள்.

பணம் கொடுக்கும் முன்

முன்பணம் கேட்டு அவசரப்படுத்துபவரிடம் கவனமாக இருங்கள். வங்கிக் கணக்கு எண்ணை போலீசின் ‘செமாக் மியூல்’ தளத்தில் சரிபார்க்கலாம். பணம் அனுப்பிய பின் ஏமாந்தது தெரிந்தால் உடனே 997 எண்ணுக்கு அழையுங்கள்.

கடைக்காரரிடம் வாங்கினால் ரசீது கட்டாயம் வேண்டும். தகராறு வந்தால் 5 வெள்ளி கட்டணத்தில் பயனீட்டாளர் நடுவர் மன்றம் போகலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அது விசாரிக்கும். ஆனால் வியாபாரி அல்லாத தனி மனிதரிடம் வாங்கிய பொருளுக்கு அந்த வழி இல்லை. 5,000 வெள்ளிக்குட்பட்ட சிறு கோரிக்கையை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில்தான் தொடுக்க வேண்டும். எனவே தனி நபரிடம் வாங்கும்போது சோதனைதான் உங்கள் உத்தரவாதம்.

சரி, முடிவு என்ன? அட்மாஸும் 4கே-யும்தான் உங்கள் ஆசை என்றால், புதிய நடுத்தர விலை ரிசீவரே போதும். பாட்டுக்கும் பழைய டிவிடிகளுக்கும் நல்ல ஒலி வேண்டும், பவர் ஆம்ப் ஏற்கெனவே இருக்கிறது என்றால், பழைய உயர்தர பிரீ-ஆம்ப் அருமையான பேரம். அப்போதும் அதை ஒரு நல்ல ‘ஸ்டீரியோ’ பிரீ-ஆம்பாக மட்டும் மதிப்பிட்டு விலை பேசுங்கள். அன்று அது எத்தனை ஆயிரம் வெள்ளிக்கு விற்றது என்பது விற்பவரின் பெருமை. இன்று உங்கள் வீட்டில் அது என்ன செய்யும் என்பதே உங்கள் கணக்கு!